அம்பாசடர் கண்ணாடி பாதியில் நிற்கிறதா? மெஷினை மாற்றுவதற்கு முன் சேனலைப் பாருங்கள்

கேள்வி: அப்பா வாங்கிய 1984 மாடல் அம்பாசடர் மார்க் 4 இன்னும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறேன். டிரைவர் பக்கக் கண்ணாடி பாதி ஏறியதும் முன்பக்கமாகச் சாய்ந்து இறுகிக்கொள்கிறது. அழுத்திச் சுற்றினால் கதவுக்குள் 'டக் டக்' என்று சத்தம். ஒரு கையால் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தால்தான் மூடுகிறது. பட்டறையில், கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷின் போய்விட்டது, பவர் விண்டோ கிட் போட்டுவிடலாம் என்கிறார்கள். பழையபடி கையால் சுற்றுவதையே சரிசெய்ய முடியுமா? வீட்டிலேயே செய்யலாமா? (திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தாராளமாகச் சரிசெய்யலாம். பொறுமையும் சாதாரண ஸ்பேனர் செட்டும் இருந்தால் பெரும்பகுதி வேலையை வீட்டிலேயே முடிக்கலாம். லேத் வேலையும் வெல்டிங்கும் மட்டும் தேவைப்பட்டால் வெளியே கொடுங்கள். ஆனால் மெஷினை மாற்றச் சம்மதிப்பதற்கு முன் ஒரு விஷயம். இந்த மாதிரி வண்டிகளில் மெஷின் பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. கண்ணாடி ஓடும் பள்ளமான தடம், அதாவது சேனல், காய்ந்து இறுகிப்போக, அந்த இறுக்கத்தை எதிர்த்து இழுத்து இழுத்துத்தான் மெஷினின் பற்கள் தேய்கின்றன. சேனலைக் கவனிக்காமல் புது மெஷின் போட்டால் அதற்கும் அதே கதிதான். பவர் விண்டோ போட்டால் உங்கள் கை பட்ட பாட்டை இனி மோட்டார் படும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ஹேண்டிலைச் சுற்றும்போது அதன் தண்டில் உள்ள சின்னப் பல்சக்கரம் சுழல்கிறது. அது விசிறி வடிவில் வெட்டிய பெரிய பல்தகடு ஒன்றை நகர்த்துகிறது. அந்தத் தகட்டோடு ரிவெட் அடித்துச் சேர்த்த இரும்புக் கை மேலே எழும்புகிறது. கையின் நுனியில் உள்ள ரோலர், கண்ணாடியின் அடியில் மாட்டிய இரும்புச் சேனலுக்குள் ஓடிக்கொண்டே கண்ணாடியைத் தூக்குகிறது. ஹேண்டிலை விட்டதும் கண்ணாடி சரிந்துவிடாமல் இருக்க, தண்டைச் சுற்றி ஒரு ஸ்பிரிங் பிரேக் இருக்கும். பல மெஷின்களில் கண்ணாடியின் எடையைத் தாங்கிக்கொடுக்க ஒரு சுருள் ஸ்பிரிங்கும் உண்டு. அவ்வளவுதான். மின்சாரம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாத எதுவும் கிடையாது.

அதனால் கோளாறின் குணத்தை வைத்தே இடத்தைச் சொல்லிவிடலாம். ஹேண்டில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் சும்மா சுற்றினால், ஹேண்டிலின் உள்பல் தேய்ந்திருக்கும். வெறும் ஹேண்டிலை மாற்றினாலே போதும். ஏற்றிய கண்ணாடி தானாக இறங்கினால் பிரேக் ஸ்பிரிங் போயிருக்கும், அல்லது அடிச்சேனல் கண்ணாடியை விட்டுக் கழன்றிருக்கும். உங்கள் வண்டியில் சாய்வும் இருக்கிறது, சத்தமும் இருக்கிறது. சாய்வு அடிச்சேனலிலோ பக்கச் சேனலிலோ தொடங்கியிருக்க வேண்டும். சத்தம் அதன் விளைவாகப் பற்கள் ஒன்றை ஒன்று தாண்டுவது. கையால் தூக்கிவிட்டால் மூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதுவும் இதைத்தான் காட்டுகிறது. டிரைவர் பக்கக் கண்ணாடிதான் ஒரு நாளில் அதிக முறை ஏறி இறங்கும் என்பதால் அங்கேதான் இது முதலில் வரும்.

சரி, கதவைத் திறப்போம். ஹேண்டிலுக்குப் பின்னால் உள்ள வட்டத் தட்டைக் கதவுப் பக்கம் அழுத்துங்கள். ஹேண்டிலின் கழுத்தில் குறுக்காக ஒரு பின் தெரிந்தால், மெல்லிய இரும்புப் பஞ்ச் கம்பியை வைத்து மெதுவாகத் தட்டி எடுங்கள். நாற்பது வருடத்தில் யாராவது ஹேண்டிலை மாற்றியிருக்கலாம். அப்படியானால் நடுவில் ஸ்க்ரூவோ, பின்னால் லாட வடிவக் கிளிப்போ இருக்கும். கிளிப் என்றால் ஹேண்டிலுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு பழைய துணியை நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இழுத்தால் தெறித்து வெளியே வரும். எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கதவின் உள்பக்கத்தை மூடும் அட்டையை (டோர் பேட்) எடுக்கும்போது அகலமான பட்டைக்கு டேப் சுற்றி, ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்திலேயே நெம்ப வேண்டும். தண்ணீர் குடித்து ஊறிய ஹார்ட்போர்டு நடுவில் நெம்பினால் பிய்ந்துவிடும்.

இப்போது கண்ணாடியை முழுவதும் ஏற்றி, உள்ளிருந்து வெளியே கதவுச் சட்டத்தின் மேலாக அகலமான டேப் ஒட்டி நிறுத்துங்கள். இது டஃபன்ட் கண்ணாடி, அதாவது சூடேற்றிக் கடினமாக்கியது. முகத்தில் அடி தாங்கும், விளிம்பில் தாங்காது. ஸ்பேனர் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினாலே மொத்தமும் பொடியாகக் கொட்டலாம். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையைத் தொட வேண்டாம்.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. அவசரமான பட்டறைகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மெஷினின் கையை அடிச்சேனலிலிருந்து விலக்கிவிட்டு, டேப்பை எடுத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியைப் பிடித்து மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். அலுங்காமல் ஒரே சீராக ஓடினால் சேனல் நன்றாக இருக்கிறது, குற்றவாளி மெஷின்தான். இறுகி நின்றால் மெஷின் மேல் பழி போடாதீர்கள். எந்த உயரத்தில் இறுகுகிறது, எந்தப் பக்கம் உரசுகிறது என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

பக்கச் சேனலுக்குள் இருக்கும் ஃபெல்ட் என்ற துணிப்பட்டை முதலில் மென்மையாக இருந்திருக்கும். வெயிலும் தூசியும் சேர்ந்து இப்போது கெட்டியாகி, சில இடங்களில் பிரிந்து சுருண்டிருக்கும். பழசைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிது போடுவதுதான் நிரந்தரத் தீர்வு. வாங்கும் முன் கண்ணாடியின் தடிமனை காலிப்பரால் அளந்து கொண்டுபோங்கள். முன் கதவில் சின்ன முக்கோணக் கண்ணாடியையும் பெரிய கண்ணாடியையும் பிரிக்கும் கம்பம்தான் பெரிய கண்ணாடிக்கு முன்பக்கச் சேனல். அந்தக் கம்பத்தின் கீழ்முனை கதவுக்குள் இறங்கி போல்ட்டில் நிற்கும். அது தளர்ந்திருந்தால் கண்ணாடி முன்பக்கமாகத்தான் சாயும். உங்கள் வண்டியில் நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்த போல்ட்டைத்தான்.

சேனலில் கிரீஸையோ என்ஜின் ஆயிலையோ விட்டுவிடாதீர்கள். முதல் வாரம் வழுவழுவென்று ஓடும். அப்புறம் ரோட்டுத் தூசியைப் பிடித்துக்கொண்டு உப்புத்தாள் மாதிரி கண்ணாடியை அரிக்க ஆரம்பிக்கும். ஃபெல்ட்டுக்கு சிலிக்கான் ஸ்ப்ரே போதும், இல்லாவிட்டால் டால்கம் பவுடர். லித்தியம் கிரீஸ் மெஷினின் பற்களுக்கும் கீல்களுக்கும் ரோலர் ஓடும் தடத்துக்கும் மட்டும்.

அடிச்சேனல் இதைவிடக் கெட்ட இடம். எவ்வளவு நல்ல ரப்பர் பீடிங் போட்டாலும் கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அது கதவின் அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியேற வேண்டும். துளைகள் மண்ணால் அடைபட்டால் ஈரம் உள்ளேயே நின்று, கண்ணாடியைப் பிடித்திருக்கும் இரும்புச் சேனலைத் துருவேற்றும். அதற்குள்ளிருக்கும் ரப்பர் பட்டை காய்ந்து நொறுங்கும். ஒரு முனை பிடி விட்டதும் கண்ணாடி அந்தப் பக்கம் தொங்கும். சேனலைக் கழற்றும் முன் அது கண்ணாடியில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கட்டாயம் குறித்துவிடுங்கள். கொஞ்சம் தள்ளி மாட்டினாலும் சாய்வு திரும்ப வரும். துருவைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்து, ஜிங்க் பிரைமர் அடித்து, பெயின்ட் காய்ந்த பிறகு புது ரப்பர் பட்டையைக் கண்ணாடி விளிம்பில் மடித்து, சோப்புத் தண்ணீர் தடவி, மரக்கட்டையை இடையில் வைத்து மரச்சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள். இறுக்கமாகத்தான் ஏற வேண்டும். பசை வேண்டும் என்று தோன்றினால் முன்கண்ணாடி ஒட்டும் பாலியூரிதேன் சீலன்ட்டைப் பயன்படுத்துங்கள். வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் வேண்டாம். அது காயும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

இனி மெஷின். உங்களுடையதில் 'டக் டக்' கேட்பதால் பல் கொஞ்சமாவது தேய்ந்திருக்கும், எனவே வெளியே எடுத்துப் பார்ப்பதே நல்லது. சுருள் ஸ்பிரிங் உள்ள மெஷினென்றால் அதை வைஸில் இறுக்கி, இரும்புக் கையைப் பூட்டிப் பிடித்த பிறகே எதையும் பிரிக்க வேண்டும். ஸ்பிரிங் முறுக்கோடு இருக்கும்போது பல்சக்கரத்தைக் கழற்றினால் அந்தக் கை வீசி அடிக்கும், விரல் போய்விடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிவிட்டு வெளிச்சத்தில் பற்களைப் பாருங்கள். பெரிய தகட்டில் ஒன்றிரண்டு பற்கள் போயிருந்தால், நல்ல வெல்டர் அங்கே பித்தளை ஏற்றிக்கொடுப்பார். பக்கத்துப் பல்லின் அச்சைப் பார்த்து அரத்தால் ராவி எடுக்கலாம். நிதானமான வேலை, ஆனால் பல வருடம் தாங்கும். சின்னப் பல்சக்கரமே தேய்ந்திருந்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள், வேறு மெஷின் தேடுங்கள். கீலின் ரிவெட் ஆடினால் அதைத் துளையிட்டு எடுத்து, லேத்தில் கடைந்த தோள் போல்ட்டும், அதிர்வில் கழலாத நைலாக் நட்டும் போடலாம். தேய்ந்த ரோலரை நைலான் ராடில் கடைந்துவிடுவார்கள், சின்னச் செலவுதான்.

வேறு மெஷின் வேண்டுமென்றால் பழைய மெஷினைக் கையோடு எடுத்துப் போங்கள். உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டாலும், அவ்வளவு காலம் ஓடிய வண்டி என்பதால் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. சென்னை புதுப்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் இருந்தால் சொல்லிவிடலாம். இடது வலது மாறக்கூடாது, முன்கதவு பின்கதவு மாறக்கூடாது. தண்டின் முனையில் உங்கள் ஹேண்டில் உட்காருகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். புதிய மெஷின் என்றால் பழையதையும் அதையும் இரண்டு கையில் தூக்கி எடையை ஒப்பிடுங்கள். தகடு மெல்லியதாகத் தெரிந்தால் விட்டுவிட்டு, வேறு வண்டியிலிருந்து கழற்றிய கெட்டியான பழையதையே எடுங்கள்.

பவர் விண்டோ பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். என் கருத்து, வேண்டாம். அதற்காகக் கதவிலும், கதவு மாட்டியிருக்கும் பாடித் தூணிலும் துளை போட வேண்டும், அந்தத் துளைகளைச் சுவடில்லாமல் திரும்ப மூடுவது கஷ்டம். டைனமோவோடு ஓடும் வண்டியானால் மின்சாரமும் தாராளமாக இருக்காது. மூட்டு வலியால் கையால் சுற்ற முடியாதவருக்கு அது தேவை, மறுக்கவில்லை. மற்றவர்களுக்கு, சேனல் சரியாக இருந்தால் இந்தக் கண்ணாடி இரண்டு விரல் பிடியில் ஏறும்.

திரும்ப மாட்டும்போது மெஷின் போல்ட்டுகளை முதலில் தளர்வாக விட்டு, கண்ணாடியை முழுவதும் ஏற்றி அது மேல்சட்டத்தில் சரியாக உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். கம்பத்தின் கீழ் போல்ட்டையும் அப்போதே இறுக்கலாம். இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கி, கதவைச் சாத்தியும் பாருங்கள். கதவின் அடித்துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். டோர் பேடுக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் கிழிந்தோ காணாமலோ இருந்தால் புதிது வெட்டி ஒட்டுங்கள், அதன் கீழ் விளிம்பு கதவுக்குள் பார்த்தபடி இருக்க வேண்டும். ஹேண்டிலை மட்டும் கண்ணாடி மூடிய நிலையில் மாட்டுங்கள். உங்கள் முழங்காலில் இடிக்காத கோணத்தை சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் பின்னைத் தட்டுங்கள்.