சூளைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் எங்கே தங்கிப் படிக்கலாம்? – கேள்வி பதில்

செங்கல் சூளை, கரும்பு வெட்டு, கட்டட வேலை என்று ஊர் விட்டு ஊர் போகிறவர்களின் பிள்ளைகள் காசு கட்டாமல் தங்கிப் படிக்க என்ன வழி என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். திருவண்ணாமலைப் பக்கம் ஓர் உண்டு உறைவிட மையத்தில் ஒன்பது வருடம் ஆசிரியையாக இருந்தேன், இப்போதும் சேர்க்கை நேரத்தில் பிள்ளைகளோடு அலைகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணனும் அண்ணியும் பொங்கல் முடிந்து சூளைக்குப் போனால் ஆடியில்தான் வருவார்கள். பையன் 4ஆம் வகுப்பு. யாரிடம் விடுவது? (செய்யாறு)

பதில்: முதலில் ஜூன் மாதமே இடம் பிடித்துவிடுங்கள். விடுதிகள் ஜூனில் ஆள் சேர்க்கும், சூளைக்காரர் ஜனவரியில் கூப்பிடுவார். நடுவில் இருக்கிற ஏழு மாதமும் "இப்போது வீட்டில்தானே இருக்கிறான்" என்று நாமும் சும்மா இருந்துவிடுகிறோம், கடைசியில் லாரி வந்து நிற்கும்போது அண்டா குண்டாவோடு பையனும் ஏறிவிடுகிறான். இப்படிப் போன பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம்.

ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி (2025இல் எல்லாவற்றுக்கும் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள்) இவற்றில் பொதுவாக 4ஆம் வகுப்பிலிருந்து எடுப்பார்கள். தங்குவது, சாப்பாடு எல்லாம் இலவசம், படிப்பு பக்கத்து அரசுப் பள்ளியில். பிற்படுத்தப்பட்டோர் விடுதிக்கு வீட்டிலிருந்து பள்ளி 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு, பெண் பிள்ளைகளுக்கு அது கிடையாது. பழங்குடியினர் என்றால் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை எல்லா இடத்திலும் உண்டு, 1ஆம் வகுப்பிலிருந்தே சேர்க்கலாம், பள்ளியும் தங்குமிடமும் ஒரே வளாகம்.

கேள்வி: நாங்கள் இருளர். சாதிச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: திருப்பி அனுப்பியது தவறு. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது, வயதுச் சான்று இல்லை என்று 6 முதல் 14 வயதுப் பிள்ளையைச் சேர்க்காமல் விடக் கூடாது என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. டி.சி. வர தாமதமானாலும் அதே கதைதான், அதைக் காரணம் காட்ட முடியாது. பள்ளியில் சேர்க்க முடியாது என்று சொன்னால் 14417க்குப் போன் போடுங்கள், பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் அது.

சாதிச் சான்றிதழ் வேறு விஷயம், விடுதியில் அதைக் கேட்கத்தான் செய்வார்கள். பழங்குடியினருக்கு அதைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், தாசில்தார் தர முடியாது. அதனால் இழுக்கும், சில குடும்பங்கள் வருடக்கணக்காக நடந்ததை நான் கூடவே போய்ப் பார்த்திருக்கிறேன். நெருங்கிய சொந்தத்தில் ஒருவருக்காவது சான்றிதழ் இருந்தால் அதன் நகலை மனுவோடு வையுங்கள், மனு கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதீர்கள், அந்த ரசீதைக் காட்டி முதலில் பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: 5ஆம் வகுப்போடு நின்றுவிட்ட பெண், இப்போது 12 வயது. சேர்ப்பார்களா?

பதில்: சேர்ப்பார்கள், இவளுக்காகத்தான் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா. ஊரில் கே.ஜி.பி.வி. என்றால் தெரியும். 2004இல் தொடங்கிய திட்டம், கல்வியில் பின்தங்கிய ஒன்றியங்களில் 6 முதல் 8 வரை பெண்கள் தங்கிப் படிக்க. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களில் இருக்கிறது. வட்டார வள மையத்தில், அதாவது ஒன்றிய அளவிலான கல்வி அலுவலகத்தில் கேட்டால் பக்கத்தில் எது, இடம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். விட்ட இரண்டு வருடத்தை நினைத்து அவள் கூச்சப்பட வேண்டாம், வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைத்துத் தனிப் பயிற்சி கொடுக்கச் சட்டமே சொல்கிறது.

கேள்வி: நவோதயா?

பதில்: அது மத்திய அரசின் உறைவிடப் பள்ளி, தமிழ்நாட்டில் இல்லை.

கேள்வி: மகனை விடுதியில் விட்டேன், மூன்றாம் நாளே ஓடி வந்துவிட்டான். இரவில் தூங்குவதே இல்லையாம்.

பதில்: அக்கா, அவன் சூளையிலிருந்து வந்த பிள்ளையா? அப்படியென்றால் இதைக் கேளுங்கள். எங்களிடம் ஒரு பையன் வந்தான், ஒன்பது வயது. தினமும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பாய் மேல் உட்கார்ந்திருப்பான். பேய் என்றார்கள், பயம் என்றார்கள். ஒரு நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன், "கல் அறுக்க எழுப்புவாங்களே டீச்சர்" என்றான். அந்த நேரத்தில்தான் அப்பாவும் அம்மாவும் வெயிலுக்கு முன்னால் கல் அறுக்கத் தொடங்குவார்கள், முந்தின நாள் கல்லைத் திருப்பிப் போடுவது இவன் வேலை. யாரும் எழுப்பாமலே உடம்பு எழுந்துகொள்கிறது. அவன் விடியும்வரை தூங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

ஓடி வந்தால் அடிக்காதீர்கள், மறுநாளே நீங்களே கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் போன் பண்ணுங்கள், சொன்ன நேரத்தில் போன் வராவிட்டால் அன்றைக்குத்தான் பிள்ளை மூட்டை கட்டும்.

கேள்வி: முன்பணம் வாங்கிவிட்டோம். பிள்ளைகளையும் கூட்டி வந்தால்தான் கணக்கு நேராகும் என்கிறார் மேஸ்திரி.

பதில்: ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி, அதனால் சின்னக் கைகளும் கணக்கில் ஏறுகின்றன. ஆனால் 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம், சொந்தக் குடும்பத் தொழிலுக்குச் சட்டத்தில் இருக்கிற விலக்கும் இங்கே பொருந்தாது, சூளை உங்கள் சொந்தத் தொழில் இல்லை. கடனுக்காக ஆளைப் பிடித்து வைத்து வேலை வாங்கினால் அது கொத்தடிமை, 1976 சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. மிரட்டினால் கோட்டாட்சியரிடம் அல்லது கலெக்டரிடம் மனு கொடுங்கள், பிள்ளை விஷயம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. பயமாக இருக்கும், தெரியும். தனியாகப் போகாமல் ஊரில் நான்கு பேரோடு போங்கள்.

கேள்வி: ஓசூரில் கட்டட மேஸ்திரி நான். சைட்டில் ஒடிசா, உத்தரப்பிரதேசக் குடும்பங்கள். பிள்ளைகள் மணலில்தான் விளையாடுகிறார்கள்.

பதில்: நீங்கள் கேட்டதே சந்தோஷமாக இருக்கிறது. சின்னப் பிள்ளைகளைப் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள், வருட நடுவிலும் சேர்க்கலாம், தமிழ் தானாக வந்துவிடும். ஒடிசாக்காரர்களிடம் அவர்கள் ஊரிலேயே பருவகால விடுதி இருப்பதைச் சொல்லுங்கள். பலாங்கீர், நுவாபடா மாதிரி மாவட்டங்களில் பெற்றோர் சூளைக்குப் போகும் மாதங்களுக்கு மட்டும், பிள்ளைகள் சொந்தப் பள்ளியிலேயே தங்கிப் படிக்கிறார்கள். உத்தரப்பிரதேசத்தில் அடல் உறைவிடப் பள்ளிகளை 2023இல் திறக்கத் தொடங்கினார்கள், 18 கோட்டங்களுக்கு ஒவ்வொன்று, அங்கே பதிவு செய்த கட்டடத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு. ஒடிசா மாதிரி, சூளை மாதங்களில் சொந்த ஊர்ப் பள்ளியிலேயே தங்க வைக்கிற ஏற்பாடு நம் ஒவ்வொரு ஒன்றியத்திலும் வேண்டும், ஜனவரியில் ஊரே காலியாகிற கிராமங்களில் அவசியம் வேண்டும்.

கேள்வி: பெண்ணை விடப் பயமாக இருக்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: சொல்லாமல் ஒரு நாள் சாயங்காலம் போங்கள். இரவில் தங்குகிற பெண் வார்டன் யார் என்று கேட்டு அவரையே பாருங்கள். குளியலறைக் கதவை உள்ளே போய்த் தாழ்போட்டுப் பாருங்கள். ஒரு மையத்தில் ஆறு மாதம் தாழ்ப்பாள் இல்லாமல் பெண்கள் மாறி மாறி வெளியே காவல் நின்றார்கள், எழுதி எழுதிப் போட்டும் வரவில்லை, கடைசியில் ஓர் அப்பா சூளையிலிருந்து லீவில் வந்தவர் தானே வாங்கி வந்து அடித்துவிட்டுப் போனார். சமையலறையில் அன்றைய குழம்பை ருசி பாருங்கள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், இலவசம் என்றால் இலவசம்தான். பெண்ணிடம் உங்கள் நம்பரை மனப்பாடம் செய்ய வையுங்கள், சூளையில் டவர் கிடைக்காது என்றால் கணக்குப்பிள்ளை நம்பரையும்.