வீடு ஒரு பக்கம், பஸ் ஒரு பக்கம்: சென்னை பற்றிய கேள்வி பதில்

கேள்வி (தாம்பரம் வாசகர்): வீடு கட்டுவது ஒரு துறை, பஸ் விடுவது இன்னொரு துறை. இரண்டையும் ஏன் சேர்த்தே பேசுகிறீர்கள்?

பதில்: சென்னையின் தெற்குப் புறநகரில் இருக்கிற பெரும்பாக்கத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்த குடும்பங்களுக்காக அங்கே சுமார் 20,000 வீடுகள் கட்டினார்கள். மயிலாப்பூரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கு முன்பு வேலை நடக்கிற தூரத்தில் இருந்தது. இப்போது ஏழு மணிக்கு முதல் வீட்டில் நிற்க, ஐந்தரைக்கே ஸ்டாப்புக்கு வர வேண்டும். ஒரு பஸ் வராவிட்டால் அன்றைக்கு முதல் வீட்டில் திட்டு. அடிக்கடி நடந்தால் வேலையே போய்விடும்.

நகருக்கு வெளியே நிலம் மலிவு என்று அரசு மிச்சம் பிடித்தது. அந்தச் செலவு எங்கும் போய்விடவில்லை. அந்தக் குடும்பம் அதைத் தினமும் கட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுச் செலவும் போக்குவரத்துச் செலவும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் கட்டுப்படியாகும் வீடு என்று சொல்லக் கூடாது என்கிற அளவுகோல் அமெரிக்காவில் புழங்குகிறது. நம் வீட்டுத் திட்டங்களுக்கும் இந்தக் கணக்கைப் போட வேண்டும் என்று அடித்துச் சொல்வேன்.

கேள்வி (வேளச்சேரி வாசகி): பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாகிவிட்டதே, சார்?

பதில்: 2021 மே மாதம் வந்த அந்தத் திட்டம் பெரிய உதவி, சந்தேகமே இல்லை. ஆனால் அது சாதாரணக் கட்டண பஸ்ஸுக்குத்தான். டீலக்ஸ் வந்தால் விட்டுவிட்டு அடுத்ததற்கு நிற்க வேண்டும். காசு மிச்சமாகிறது, நேரம் மிச்சமாகவில்லை.

கேள்வி (அம்பத்தூர் வாசகர்): ஆளே இல்லாத இடத்துக்கு முதலிலேயே ரயில் விட்டால் நஷ்டம்தானே?

பதில்: வியன்னாவில் ஆஸ்பெர்ன் என்ற புதுக் குடியிருப்புக்கு 2013-இல் மெட்ரோ போய்ச் சேர்ந்தது, பெருவாரியான மக்கள் குடிவந்தது அதற்குப் பிறகுதான். வந்த நாளிலேயே ரயில் இருந்ததால் கார் வாங்கும் அவசியம் பலருக்கு வரவில்லை. சிங்கப்பூரில் 2003-இல் ஒரு தடம் திறந்தபோது, அக்கம்பக்கத்தில் போதிய வீடுகள் இல்லை என்று புவாங்கோக் நிலையத்தை மூடியே வைத்திருந்து 2006-இல் திறந்தார்கள். ஓட்டுவதைத் தள்ளிப்போடலாம், இடம் ஒதுக்குவதைத் தள்ளிப்போட முடியாது. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய கண்ணகி நகரில் 2000-இலேயே மக்களைக் குடியமர்த்திவிட்டோம். அந்தச் சாலையில் மெட்ரோ வேலையோ அதற்கு இருபது ஆண்டுக்குப் பிறகுதான் தொடங்கியது. ரயிலை விடுங்கள், குடியேற்றும் நாளன்றே பஸ் டெப்போவாவது தயாராக இருக்க வேண்டாமா?

கேள்வி (அண்ணா நகர் வாசகர்): மெட்ரோ பக்கத்தில் உயரமாகக் கட்ட அனுமதித்தால் பிரச்சினை தீராதா?

பதில்: பாதிதான் தீரும். அனுமதி கூடினால் மனை விலையும் ஏறும், வாடகைக்காரர்கள் வெளியேறுவார்கள். ரயிலை அதிகம் நம்பியிருக்கிறவர்களே ரயிலை விட்டுத் தூரம் போய்விடுவார்கள். கூடுதல் தளங்களில் ஒரு பங்கு குறைந்த வாடகை வீடாக இருக்க வேண்டும் என்று அனுமதியோடு சேர்த்தே கட்டாயமாக்க வேண்டும். நகருக்குள் இருக்கிற பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளை அதே இடத்தில் இடித்துக் கட்டுவது சரியான வழி. அதைத்தான் அதிகப்படுத்த வேண்டும்.

கேள்வி (கூடுவாஞ்சேரி வாசகி): புறநகரில் ஃபிளாட் பார்க்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: “ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிஷம்” என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள், அம்மா. வேலை நாளில் இரவு ஒன்பது மணிக்கு ஸ்டேஷனில் இறங்கி அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள். நடைபாதையும் தெருவிளக்கும் இல்லையென்றால் ஷேர் ஆட்டோ செலவையும் மாதத் தவணையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.