சொந்தக் காசில் டைப் ரேட்டிங்: மலையிலிருந்து வந்த கேள்விகள்

ஏர்லைனில் விமானிகளுக்குப் பல வருடம் பயிற்சி கொடுத்துவிட்டு இப்போது குன்னூரில் இருக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகள் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும்தான் அதிகம். ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதிதான் டைப் ரேட்டிங், அதைச் சொந்தக் காசில் முன்கூட்டியே முடிக்கலாமா என்ற ஒரே விஷயத்தைச் சுற்றிக் கிட்டத்தட்ட எல்லாமே வருவதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கோத்தகிரியிலிருந்து: சார், 200 மணி நேரம் பறந்து சிபிஎல் (வணிக விமானி லைசென்ஸ்) வாங்கி எட்டு மாதம் ஆகிறது. எங்கிருந்தும் அழைப்பு இல்லை. ஏர்பஸ் ஏ320 ரேட்டிங் இருந்தால் உடனே எடுத்துக்கொள்வார்கள் என்று கூடப் படித்தவர்கள் சொல்கிறார்கள். அப்பா தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைத்து 20 லட்சம் வாங்கித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

வேண்டாம் தம்பி. ஏர்லைன் தேர்வு செய்து கையில் கடிதம் தருகிறவரை வேண்டாம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 20 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி, ஏழு வருடம் என்று போட்டால் மாதத் தவணை 35,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. வேலை இல்லாமல் ஒரு வருடம் போனால் வட்டி மட்டுமே 2.4 லட்சம், அதைக் கட்டப்போவது உங்கள் அப்பாவின் பச்சைத் தேயிலைப் பணம், அந்த விலை வாரத்துக்கு வாரம் எப்படி ஏறி இறங்குகிறது என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சிபிஎல்லுக்கு வாங்கிய கடன் ஏற்கெனவே இருந்தால் அதையும் இதோடு சேர்த்துக் கூட்டுங்கள்.

அடுத்து, ரேட்டிங் லைசென்ஸில் ஏறிவிட்டால் போதும், அது அப்படியே இருக்கும் என்று நினைக்கிறார்கள். இருக்காது. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே ஓட்டும் தகுதியை) வருடா வருடம் புதுப்பிக்கவேண்டும், அந்த ரக விமானத்தைத் தொடாமல் மாதங்கள் போனால் மறுபடி சிமுலேட்டருக்குப் பணம் கட்டிச் சோதனை கொடுக்கவேண்டும். அதைவிட முக்கியம் கை. சிமுலேட்டரில் டேக்-ஆஃப் ஓட்டத்தின்போது ஒரு இன்ஜினை நிறுத்திவிடுவோம், மூக்கு ஒரு பக்கம் இழுக்கும், அந்த நொடியில் எந்தக் கால் ரடர் பெடலை (மூக்கை நேராக்கும் மிதியை) எவ்வளவு மிதிக்கிறது, கண் எங்கே போகிறது என்று பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தாலே இவர் கடைசியாக எப்போது பயிற்சி எடுத்தார் என்று தெரிந்துவிடும். நேற்றுப் பறித்த இலையை இன்று கொண்டுபோனால் ஃபாக்டரியில் என்ன சொல்வார்கள் என்று அப்பாவைக் கேளுங்கள், ஒரு வருடம் சும்மா இருந்த ரேட்டிங்குக்கும் அதே நிலைமைதான்.

சொந்தக் காசில் செய்வதே தப்பு என்று சொல்லவில்லை. ஏர்லைன் எழுத்துத் தேர்வு, சைக்கோமெட்ரிக் (மனத்திறன் சோதனை), நேர்முகம் எல்லாம் முடித்துத் தேர்வுக் கடிதம் கொடுத்து, இந்த இடத்தில் ரேட்டிங் முடித்து வா, செலவு உன்னுடையது என்றால் தாராளமாகப் போகலாம். அந்தக் கடிதத்தைக் காட்டினால் வங்கியில் பேசுவதும் சுலபம். முதலில் வேலை, அப்புறம் ரேட்டிங்.

ஊட்டியிலிருந்து: பைலட் பற்றாக்குறை என்று செய்தியில் சொல்கிறார்கள், நூற்றுக்கணக்கில் விமானம் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஏன் புதியவர்களுக்கு வேலை இல்லை?

ரொம்ப நியாயமான கேள்வி, இதை விளக்காமல்தான் பிள்ளைகளைக் கடனில் இறக்கிவிடுகிறார்கள்.

பற்றாக்குறை முக்கியமாக கேப்டன்களுக்கு. கேப்டன் ஆகத் தேவையான ஏடிபிஎல் லைசென்ஸ் வாங்கவே 1500 மணி நேரம் வேண்டும், ஜெட் விமானத்தில் கேப்டன் ஆக அதற்கும் மேல் அனுபவம் கேட்பார்கள். 200 மணி நேரத்தோடு வருகிறவரை ரேட்டிங் முடித்த அன்றே வலது சீட்டில், அதாவது துணை விமானி இடத்தில், சும்மா உட்கார வைத்துவிட முடியாது, பயிற்சி கொடுக்கும் கேப்டன் ஒருவர் பக்கத்தில் இருந்து, பயணிகளோடு பல வாரம், சில சமயம் மாதக்கணக்கில் லைன் டிரெய்னிங் கொடுக்கவேண்டும். கேப்டனே குறைவு என்றால் முதலில் சுருங்குவது இந்தப் பயிற்சிதான். 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின, நினைவிருக்கும். விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவுத் தரையிறக்கத்தையும் குறைத்த புதிய பணி நேர விதிகளுக்கு ஆள் போதாமல் வந்த நெருக்கடி அது. மறுநாளே புதிய சிபிஎல்காரர்களைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்ய முடியாததற்குக் காரணம் இதுதான்.

ஆர்டர் விஷயமும் அப்படியே. 2023 ஜூனில் இண்டிகோ 500 விமானம் ஆர்டர் கொடுத்தது, அவை வந்து சேரும் காலம் 2030 முதல் 2035 வரை என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். ஏர் இந்தியாவின் 470-ம் ஒரே நாளில் வந்து நிற்கப்போவதில்லை. வந்த விமானங்களிலும் பிராட் அண்ட் விட்னி இன்ஜின் கோளாறால் பல தரையில் நின்றன. இந்தப் பக்கம் வரிசையோ நீண்டுகொண்டே போகிறது. 2020-ல் விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ கொடுத்த சிபிஎல் 578, 2023-ல் 1,622.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2012-ல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் என்று ஒவ்வொன்றும் நின்றபோது, ஏற்கெனவே ரேட்டிங்கும் ஆயிரக்கணக்கான மணி நேரமும் உள்ளவர்கள் அதே வரிசையில் வந்து நின்றார்கள். கோ ஃபர்ஸ்ட் ஓட்டியது முழுக்க ஏ320 ரகம். அந்த வருடம் சொந்தக் காசில் ஏ320 முடித்துவிட்டுக் காத்திருந்த பிள்ளைகள் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன், ஒரு தப்பும் செய்யாமல் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள்.

கூடலூரிலிருந்து ஒரு அம்மா: ஒரு கன்சல்டன்ட் ரேட்டிங்கும் வேலையும் சேர்த்து 35 லட்சம், வேலை உறுதி என்கிறார். பாதியை இந்த மாதமே கட்டச் சொல்கிறார். நம்பலாமா?

கட்டாதீர்கள் அம்மா. நல்ல ஏர்லைன் எதுவும் வேலையை ஏஜென்ட் மூலம் விற்பதில்லை. வெறும் ரேட்டிங்குக்கு ரகத்தையும் இடத்தையும் பொறுத்து ஏறக்குறைய 15 முதல் 25 லட்சம் ஆகும், மீதி எதற்கு என்று கேளுங்கள். வேலை உறுதி என்பதை ஏர்லைனின் லெட்டர்ஹெட்டில், உங்கள் மகன் பெயரில் எழுதி வாங்கித் தரச் சொல்லுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

உண்மையான பயிற்சி நிறுவனத்திடமே போனாலும் சில விஷயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்கவேண்டும். நிறுவனமும் சிமுலேட்டரும் டிஜிசிஏ ஒப்புதல் பெற்றவையா? சிமுலேட்டர் நேரம் எத்தனை செஷன், ஒரு செஷனை இரண்டு பேர் பங்கு போடுகிறார்களா? கட்டணத்தில் பேஸ் டிரெய்னிங் சேர்ந்திருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். சிமுலேட்டர் முடிந்ததும், பயணிகள் இல்லாத நிஜ விமானத்தில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கிக் காட்டவேண்டிய பகுதி அது. விமானம் வாடகைக்கு எடுக்கும் செலவு பெரியது, பல இடங்களில் விளம்பர விலையில் அதைச் சேர்க்க மாட்டார்கள். பிறகு சில லட்சங்கள் கூடுதலாகக் கேட்பார்கள், அது இல்லாமல் லைசென்ஸில் பதிவும் ஆகாது. படிப்பு நடுவில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் கேளுங்கள்.

கொடைக்கானலிலிருந்து: ஏடிஆர் (சின்ன புரொப்பெல்லர் விமானம்) ரேட்டிங் செய்தால் போட்டி குறைவா? மதுரை, சேலம் எல்லாம் ஏடிஆர்தானே வருகிறது?

மதுரைக்கு ஏர்பஸ் ரகமும் வருகிறது. போட்டி கொஞ்சம் குறைவு என்பது உண்மை, ஆனால் ஏடிஆர் ஓட்டும் நிறுவனங்களும் மிகக் குறைவு, பெரிய அளவில் இண்டிகோ, அப்புறம் அலையன்ஸ் ஏர். அவர்கள் அந்த வருடம் ஆள் எடுக்கவில்லை என்றால் அந்த ரேட்டிங்கோடு போக வேறு வாசல் அதிகம் இல்லை. வேலையாகக் கிடைத்தால் சந்தோஷமாகப் போங்கள். சின்ன ரன்வே, மழை மேகம், ஒரே நாளில் நாலைந்து தரையிறக்கம் என்று ஏடிஆரில் கற்கும் விமானம் ஓட்டுதல் அருமையானது, அங்கிருந்து ஜெட்டுக்கு மாறியவர்கள் நிறைய. காசு கொடுத்து முன்கூட்டியே வாங்குவதற்கு மட்டும் என் பதில் அதே வேண்டாம்தான்.

குன்னூரிலிருந்து: பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தேன். பைலட் ஆக முடியுமா?

இப்போதுள்ள விதிப்படி இயற்பியலும் கணிதமும் வேண்டும், என்ஐஓஎஸ் (தேசிய திறந்தநிலைப் பள்ளி) மூலம் அந்த இரண்டு பாடத்தை மட்டும் எழுதி வந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு ரூபாய் ஃபீஸ் கட்டும் முன் மருத்துவப் பரிசோதனை, முதலில் கிளாஸ் 2 (ஆரம்பப் பரிசோதனை), அது முடிந்ததும் கிளாஸ் 1 (சிபிஎல்லுக்கு வேண்டியது). நிறங்களைப் பிரித்தறிய முடியாத குறைபாடு போன்றவை பாதிப் படிப்பில் தெரியவந்தால் போன பணம் போனதுதான்.

பண்ணைக்காட்டிலிருந்து: சார், நான் ஏற்கெனவே கடன் வாங்கி ஏ320 முடித்துவிட்டேன். ஒரு வருடமாக வேலை இல்லை. வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. என்ன செய்வது?

முதலில், நீங்கள் தப்பான ஆள் இல்லை, தப்பான நேரத்தில் மாட்டிக்கொண்டீர்கள். வீட்டில் கடன் நிலவரத்தைத் திறந்து சொல்லிவிடுங்கள், வங்கியில் தவணையை நீட்டிக்கக் கேளுங்கள். தவணை தவறுவதற்கு முன்னால் கேட்பவருக்குத்தான் மேனேஜர் காது கொடுப்பார்.

ரேட்டிங் இல்லாதவர்களுக்கான தேர்வு அறிவிப்பு வந்தாலும் விண்ணப்பியுங்கள், என்னிடம் ரேட்டிங் இருக்கிறதே என்று ஒதுங்கவேண்டாம். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் மெடிக்கலும் ஒரு நாள்கூடக் காலாவதி ஆகவிடாதீர்கள், அறிவிப்பு வந்து பத்து நாளில் கடைசித் தேதி என்று இருக்கும், அப்போது புதுப்பிக்க ஓடினால் கிடைக்காது. முழு ஏ320 ரெஃப்ரெஷர் (நினைவுபடுத்தும்) பயிற்சிக்கு இப்போதே பணம் போடாதீர்கள், தேர்வு அழைப்பு கையில் வந்ததும் ஒன்றிரண்டு செஷன் எடுத்தால் போதும். அதுவரை இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் பற்றி யோசியுங்கள். பயிற்சிப் பள்ளிகளில் ஆசிரியர் தேவை இருக்கிறது, சம்பளம் கொஞ்சமாக இருந்தாலும் லாக்புக்கில் மணி நேரம் ஏறும். நேர்முகத்தில் ஒரு வருடம் என்ன செய்தாய் என்று கட்டாயம் கேட்பார்கள், பறந்துகொண்டிருந்தேன் என்று சொல்கிறவரை நாங்கள் வேறு மாதிரிதான் பார்ப்போம். டெக்னிக்கல் கேள்விகளுக்கு ஏ320 ஹைட்ராலிக், எலக்ட்ரிக்கல், ஃப்ளைட் கன்ட்ரோல் லா (விமானக் கணினி கட்டுப்பாட்டு முறைகள்) இந்த மூன்றையும் தினம் ஒரு மணி நேரம், படம் வரைந்து, யாருக்காவது விளக்கிச் சொல்லிப் பாருங்கள். ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், வாரம் ஒரு நாள் போனில் நானே கேட்கிறேன்.