சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மூன்று பூனைகள் வளர்க்கலாமா?

2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீட்டில் பூனை வளர்க்கலாம், ஆனால் இரண்டுதான். மூன்றாவது ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பயப்பட வேண்டாம். 2026 ஆகஸ்ட் 31க்குள் தேசியப் பூங்காக் கழகத்திடம் உரிமத்துக்கு விண்ணப்பித்தால் மூன்றையும் வைத்துக்கொள்ள வழியுண்டு. கருத்தடை செய்த பூனைக்கு அதுவரை கட்டணமும் இல்லை.

முதலில் மைக்ரோசிப், அதாவது பூனையின் அடையாள எண் உள்ள சில்லு. அரிசி மணி அளவுதான். கால்நடை மருத்துவர் தோள்களுக்கு நடுவே ஊசியால் செலுத்துவார். அந்த எண் இல்லாமல் விண்ணப்பம் நகராது. தத்தெடுத்த பூனையா? பழைய சிப் இருக்கலாம், ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். முதல்முறை உரிமம் எடுப்பவர் இணையப் பயிற்சியும் முடிக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது சன்னல் வலையில்தான். கிரில் இடைவெளியில் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். வலையைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை வெயிலில் நொறுங்கும். கீழ்மூலைகளை அவ்வப்போது இழுத்துப் பாருங்கள்.