சிறுநீரகத்தில் 3 செ.மீ. கட்டி: லேப்ராஸ்கோப்பியா, ஓப்பனா?

அம்மாவுக்கு வலது கிட்னியில் 3 செ.மீ. கட்டி, துளை போட்டு (லேப்ராஸ்கோப்பி) எடுப்பது நல்லதா, வயிற்றைத் திறந்து (ஓப்பன்) எடுப்பது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. இரண்டு வருடம் முன்பு இதே கேள்வியோடு கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அலைந்தவன், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு அப்போது 63 வயது, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. வாயுத் தொல்லை என்று மஞ்சக்குப்பத்தில் ஸ்கேன் எடுத்தபோது இடது கிட்னியில் 3.2 செ.மீ. கட்டி தெரிந்தது. வலி, சிறுநீரில் ரத்தம், எதுவுமே இல்லை. சின்னக் கட்டிகள் பெரும்பாலும் இப்படி வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் மாட்டுகின்றன.

முதலில் போன தனியார் மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்), "மூணு ஓட்டைதான் சார். கிட்னியை எடுத்துடலாம், மூணாவது நாள் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்கள். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், எனக்கும்தான். ஓட்டை என்ற சொல் காதில் விழுந்த வேகத்தில் 'கிட்னியை எடுத்துடலாம்' என்றது யாருக்கும் உறைக்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில், கிருமாம்பாக்கம் தாண்டும்போது என் மனைவிதான் கேட்டாள்: "மாமாவுக்குச் சர்க்கரை இருக்கு. கட்டி இத்தனூண்டு. அதுக்கு எதுக்குங்க முழுக் கிட்னியையும் எடுக்கணும்?"

உங்களுக்கும் நான் சொல்ல வந்தது அதுதான். இங்கே கேள்வி இரண்டு. எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது ஒன்று, எந்த வழியில் எடுக்கிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவதுதான் பெரிசு. 4 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி என்றால், முடிந்தவரை கட்டியை மட்டும் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையோடு வெட்டி எடுத்துவிட்டு மீதிக் கிட்னியைக் காப்பாற்றுவதுதான் இன்றைய முறை. திறந்து செய்தால் கிட்னியைக் காப்பாற்றலாம் என்ற நிலையில், துளை வழி வசதிக்காக முழுசையும் எடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. அதோடு இந்த அளவுக் கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே இல்லை. உலகத்தில் முதன்முதலாக லேப்ராஸ்கோப்பியில் கிட்னி எடுத்தது 1990இல், அமெரிக்காவில், டாக்டர் ரால்ஃப் கிளேமன் குழு. எண்பது தாண்டிய ஒரு பெண்மணியின் 3 செ.மீ. கட்டிக்காக முழுக் கிட்னியையும் எடுத்தார்கள். கடைசியில் அது சாதுவான கட்டி!

சரி, கட்டியை மட்டும் எடுப்பது என்று முடிவானால், அப்புறம்தான் துளையா திறப்பா என்ற பேச்சு. இதில் சிக்கல் ரத்தம். இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இரண்டு கிட்னிக்கும் போகிறது. அதனால் வெட்டும்போது பெரும்பாலும் கிட்னியின் ரத்தக்குழாயைக் கிளிப் போட்டு அடைக்கிறார்கள். அடைத்த நிமிடத்திலிருந்து கிட்னி பட்டினி. 25, 30 நிமிடத்துக்குள் வெட்டி, தைத்து, கிளிப்பை எடுத்துவிட வேண்டும். திறந்து செய்தால் கிட்னியைச் சுற்றி ஐஸ் போட்டுக் கொஞ்சம் நேரம் வாங்கலாம், கையால் சட்டென்று தைக்கலாம். துளை வழியே நீளக் குச்சிகளால் தைப்பது லேசான காரியம் இல்லை.

அமெரிக்காவின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் கட்டியை மட்டும் எடுத்த சுமார் 1,800 பேரை ஒப்பிட்டு 2007இல் ஓர் ஆய்வு வந்தது. படுக்கை நாட்கள் துளைக்கு 3.3, திறப்புக்கு 5.8. ரத்தக்குழாயை அடைத்த நேரம் துளைக்குச் சுமார் 31 நிமிடம், திறப்புக்கு 20. ரத்தக் கசிவு, சிறுநீர்க் கசிவு போன்ற தொல்லைகள் துளையில் கூடுதல். மூன்று வருடத்தில் புற்றுநோயால் சாகாமல் இருந்தவர்கள் இரண்டிலும் 99 சதவீதம். துளை வழியில் செய்தவர்களின் கட்டிகள் சராசரியில் சிறியவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இப்போது ரோபோ வந்து தையல் வேலை சுலபமாகியிருக்கிறது, செலவுதான் எகிறுகிறது.

இரண்டாவது கருத்துக்குப் புதுச்சேரியில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனைக்குப் போனோம். அப்பாவின் கட்டி ரத்தக்குழாய் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், முக்கால்வாசி உள்ளே புதைந்திருந்தது. அதனால் திறந்தே செய்வோம், கட்டியை மட்டும் எடுப்போம் என்றார்கள். அடுத்த கட்டில் பாகூர்க்கார அம்மாவுக்குக் கட்டி கிட்னியின் அடிப்பக்கம் வெளியே துருத்திக்கொண்டு நின்றதாம். அவருக்குத் துளை வழி. நாலாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனார். வயிற்றில் ஏற்றிய வாயுவால் தோள்பட்டை வலி என்று மட்டும் இரண்டு நாள் புலம்பினார்.

அப்பாவின் கதை வேறு. முதல் சண்டையே அரைஞாணுக்கு. மின்கத்தி வைத்து அறுப்பதால் உடம்பில் உலோகம் கூடாது, வெள்ளி அரைஞாணைக் கழற்று என்றால், "பொறந்ததிலேருந்து கழட்டினதில்லை" என்று பிடிவாதம். விலா எலும்புக்குக் கீழே ஒரு சாண் வெட்டு. இருமும்போதெல்லாம் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டார். ஏழு நாள் ஆஸ்பத்திரி, இரண்டு மாதம் குடம் தூக்கக் கூடாது. இன்னமும் அந்தப் பக்கம் லேசாகப் புடைத்து, தொட்டால் மரத்தாற்போல இருக்கிறது. திறந்த அறுவை சுகமானது என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் கட்டி புற்றுநோய்தான், வெட்டிய விளிம்புகள் சுத்தம், அங்கே புற்றுநோய் மிச்சமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு, ஏறினால் கிட்னி சோர்கிறது என்று அர்த்தம்) 1.1இலிருந்து 1.3, அதோடு நின்றுவிட்டது.

உங்கள் அம்மாவின் வயதை நீங்கள் எழுதவில்லை. எண்பதை ஒட்டியவர், வேறு நோய்களும் உண்டு என்றால் வெட்டாமல் ஸ்கேன் எடுத்துக் கவனித்துக்கொண்டே இருப்பதும் ஒரு வழி, அதையும் கேளுங்கள். டாக்டரிடம் கட்டி எவ்வளவு வெளியே நிற்கிறது, கிட்னி மிஞ்சுமா, இந்த மாதிரிக் கட்டியை மட்டும் எடுக்கும் அறுவையைத் துளை வழியே மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேட்கலாம். போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள சி.டி.யையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். நாங்கள் அது இல்லாமல் போய் ஒரு நாள் வீணானது.