அமெரிக்கக் குடியுரிமையோடு கோவைக்குத் திரும்புகிறேன். பணத்தை எங்கே போடுவது?

கேள்வி: எனக்கு வயது 58. அமெரிக்கக் குடிமகன், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) உண்டு. நியூ ஜெர்சி வேலையை விட்டுவிட்டுக் கோவையிலேயே தங்கிவிடப் போகிறேன். வீடு விற்ற பணத்தை இந்திய மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா? இனியும் அமெரிக்காவில் வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டுமா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். ஆமாம், தாக்கல் செய்ய வேண்டும். அமெரிக்கா குடியுரிமையைப் பார்த்து வரி போடும் நாடு. இந்தியாவில் கட்டிய வரியைப் பெரும்பாலும் அங்கே கழித்துக்கொள்ளலாம். ஆனால் என்ஆர்இ கணக்கின் (வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கும் கணக்கு) வட்டிக்கு வரியே இல்லை என்று வங்கியில் சொல்வது இந்திய வரிக்கு மட்டும்தான்; அமெரிக்கக் கணக்கில் அதைக் காட்டியே ஆக வேண்டும்.

மியூச்சுவல் ஃபண்ட் வேண்டவே வேண்டாம். இந்திய ஃபண்டுகளை அமெரிக்க வரித்துறை 'பிஃபிக்' (PFIC, வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம்) என்ற வகையில் வைத்திருக்கிறது. நீங்கள் வேறு முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால், விற்கும்போது வரும் லாபத்தை வைத்திருந்த ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, முந்தைய ஆண்டுகளின் பங்குக்கு அந்தந்த ஆண்டின் உச்ச விகிதத்தில் வரி போட்டு, அதன் மேல் வட்டியும் கேட்பார்கள். இப்போது உச்ச விகிதம் 37 சதவீதம். ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனியாக 8621 படிவம் வேறு. ஆடிட்டர் கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும். ஏஜென்ட் எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி, எஸ்ஐபி (மாதாமாதம் ஃபண்டில் பணம் போடும் திட்டம்) பக்கம் போகாதீர்கள். ஃபண்ட் முதலீட்டை அமெரிக்காவிலேயே வைத்திருங்கள். இங்கே செலவுக்கு வைப்புத்தொகை போதும்.

அடுத்தது எஃப்பார் (FBAR), அதாவது வெளிநாட்டுக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் அறிக்கை. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள உங்கள் நிதிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் 114 படிவம் கட்டாயம். பலர் கோட்டை விடுவது இங்கேதான். வசதிக்காக அம்மாவின் எஃப்டியில் உங்கள் பெயரையும் சேர்த்திருந்தால் அதுவும் கணக்கில் வரும், பணம் முழுக்க அவருடையதாக இருந்தாலும்.

சரி, கிளம்பும் முன் அமெரிக்காவில் உங்கள் முதலீட்டுக் கணக்கை வைத்திருக்கும் புரோக்கரிடம் இந்திய முகவரியோடு கணக்கைத் தொடர விடுவார்களா என்று கேட்டுவிடுங்கள். சில நிறுவனங்கள் விடுவதில்லை. மருமகன் வீட்டு முகவரியைக் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அமெரிக்க செல்பேசி எண்ணையும் ரத்து செய்துவிடாதீர்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும்.