இலக்கணம் தெரிந்தும் எழுத்தில் பிழைகள்

கேள்வி: ஆங்கிலச் செய்தித்தாளைத் தடையின்றி வாசிக்கிறேன், எழுதும்போது மட்டும் பிழைகள் மலிகின்றன. கேம்பிரிட்ஜ் பி2 என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்கு இலக்கணத்தையும் சொல்வளத்தையும் எவ்வாறு பயில்வது?

பதில்: இந்த நிலையில் இன்னோர் இலக்கண நூலை முதற்பக்கத்திலிருந்து படிப்பதைவிட, ஒரே கருத்தை வேறு அமைப்பில் எழுதிப் பழகுவதே பெரிதும் கைகொடுக்கும். அத்தேர்வில் வாசிப்புத் தாளின் நான்காம் பகுதி இதையே சோதிக்கிறது. கொடுத்த சொல்லை மாற்றாமல், அதையும் சேர்த்து இரண்டு முதல் ஐந்து சொற்களுக்குள், முதல் வாக்கியத்தின் பொருளே வருமாறு இரண்டாம் வாக்கியத்தின் இடைவெளியை நிரப்ப வேண்டும். ‘தி லாஸ்ட் டைம் ஐ சா ஹிம் வாஸ் இன் 2019’ என்பதைச் ‘சின்ஸ்’ கொண்டு மாற்றினால், ‘ஐ ஹேவ் நாட் சீன் ஹிம் சின்ஸ் 2019’ என்று வரும். நம்மில் பலர் இங்கே ‘ஐ டிட் நாட் சீ’ என்று எழுதிவிடுகிறோம். 2019இல் தொடங்கி இன்றுவரை நீளும் காலம் என்பதால் அந்த இறந்தகால வடிவம் பொருந்தாது.

சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ‘டிசிஷன்’ என்றால் ‘மேக்’, ‘அட்டென்ஷன்’ என்றால் ‘பே’ என, சேர்ந்து வரும் வினையோடு குறிப்பேட்டில் எழுதுங்கள். மறுநாள் அதைப் பார்க்காமல் உங்கள் சொந்த வாக்கியத்தில் அமைத்துப் பாருங்கள்.